மூடி வைத்த மூன்று வாரங்கள்

என் கணவர் கார்ப்பரேஷனில் கொசு மருந்து அடிக்கும் வேலையில் இருந்தார். காலையில் மட்டாஞ்சேரி ஓடைகளில் தொடங்கிச் சுள்ளிக்கல் வரை போவார். மத்தியானம் ஒன்றரைக்கு வீடு திரும்பிவிடுவார். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறாவது வருடம், அவரோடு வேலை பார்த்த ஒருவர் இடப்பள்ளிக்கு வீடு மாறியபோது தன் பழைய கம்ப்யூட்டரை எங்களுக்குத் தந்தார்.

அதில் சீட்டு அடுக்கும் விளையாட்டு ஒன்று இருந்தது. குளித்துவிட்டு அதன் முன் உட்கார்ந்தால், விளக்கு வைக்கும் நேரத்திலும் அதே நாற்காலியில் இருப்பார். சாப்பாட்டுத் தட்டும் அங்கேயே போக வேண்டும். மிளகுக் கிடங்கில் சலித்துப் புடைத்துவிட்டு நான் ஐந்தரைக்கு வருவேன். அவர் தலை திரும்பாது.

யாரிடம் சொல்வது? பக்கத்து வீட்டுச் சேச்சியின் கணவர் குடிப்பவர். "நின்றெ ஆளு வீட்டில்தன்னெ உண்டல்லோ, பாக்யம்" என்பார் சேச்சி. புருஷன் வீட்டோடு இருப்பதே என் அதிர்ஷ்டமாம்.

ஒருமுறை ஒயரைப் பிடுங்கினேன். எழுந்து மறுபடி செருகிக்கொண்டார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

ஒரு ஞாயிறு காலை, கஞ்சி வடிக்கும்போது பானை சரிந்து இடது கையில் கொட்டியது. அவரைக் கூப்பிட்டேன்.

"ஒரு மினிட்டு, இது முடியட்டும்" என்றார் முன்னறையிலிருந்து.

பின்வாசல் வழியாகச் சேச்சி வீட்டுக்குப் போனேன். சேச்சி கையைக் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கட்டுப் போட்டுத் திரும்ப இரண்டு மணி நேரம் ஆனது.

முன்வாசலில் நுழைந்தபோது அவர் திரும்பாமலே, "சாயா போடலையா?" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு இப்பதான் வரேன்."

"யாருக்கு?"

"எனக்கு."

அப்போதுதான் திரும்பிக் கட்டைப் பார்த்தார். "என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றார். சொல்லி முடித்த பிறகு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் வாடிப்போனது. எழுந்து அடுக்களைக்குப் போய், தரையில் காய்ந்து கிடந்த சோற்றைப் பொறுக்க ஆரம்பித்தார்.

கை ஆற மூன்று வாரம் ஆனது. கம்ப்யூட்டரைப் பழைய வேட்டியால் மூடி வைத்தார். சமைத்தார். கோணலாக எனக்குத் தலை பின்னிவிட்டார். சாயங்காலம் எதிரெதிரே உட்கார்ந்தோம். பேச ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் பேச்சை அந்தப் பெட்டிதான் தின்றது என்று அதுவரை நினைத்திருந்தேன். அது வருவதற்கு முன்பே பேச்சு தீர்ந்துபோயிருந்தது.

ஒருநாள் சும்மா கேட்டேன். "இன்னைக்கு எந்தப் பக்கம் மருந்தடிச்சீங்க?"

"ஸ்கூலுக்குப் பின்னாடி இருக்கிற ஓடையில." மூக்கைத் தேய்த்துக்கொண்டு, "எனக்கு இப்ப ஒண்ணும் மணக்கிறதில்லை. சோறு, மீனு எல்லாம் ஒரே மாதிரிதான்" என்றார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

தினமும் அவருக்கு மீன்குழம்பு ஊற்றியவள் நான். எனக்குத் தெரியாது. அந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போனேன். கொசு மருந்தின் நெடிதான் காரணம் என்றவர், வேலை நேரத்தில் மூக்கை மூடிக் கட்டச் சொன்னார். போன மணம் முழுதாகத் திரும்பவில்லை.

என் கை ஆறியதும் வேட்டி விலகியது, மறுபடி சீட்டு. நான் தடுக்கவில்லை. சாப்பிட மட்டும் அடுக்களைக்கு வர வேண்டும் என்று சொன்னேன், ஒத்துக்கொண்டார். பெரும்பாலும் வருவார். வராத நாட்களில் நான் சாப்பிட்டுவிட்டுச் சேச்சியோடு படகு ஜெட்டி வரை நடக்கப் போய்விடுவேன்.