ஜிபாரின் வண்டிக்குப் பொருந்தாத டிஸ்க்

பிஷ்கெக் உதிரிபாகச் சந்தையில், இஸ்மாரின் கன்டெய்னர் கடை வாசலில் ஜிபார் இரண்டு பிரேக் டிஸ்க்குகளைத் தொப்பென்று போட்டாள். சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரன் டீக் கிண்ணமும் கையுமாக எட்டிப் பார்த்தான்.

"ரெண்டாந்தடவை! வண்டிய ஜாக்கியில ஏத்தி எறக்கியே முதுகு ஒடிஞ்சு போச்சு. நீ வியாபாரம் பண்றியா, இல்ல என்னைய வச்சு விளையாடுறியா?"

"கத்தாதக்கா. நீ காட்டின காகிதத்துல இருக்குற சேஸிஸ் நம்பரைப் பார்த்துத்தான் குடுத்தேன். தொண்ணூத்தஞ்சாம் வருஷத்து வண்டி, சின்ன எஞ்சின். அதுக்கு இதுதான் டிஸ்க்."

"மாட்டினா உள்ளே ஒளிஞ்சுக்குது. பேட் பாதி இரும்புல, பாதி காத்துல நிக்குது. அப்போ என் வண்டி பொய் சொல்லுதா?"

"பொம்பளைங்க மாட்டினா அப்படித்தான் நிக்கும்," என்றான் பக்கத்துக் கடைக்காரன்.

"உன் டீ ஆறிடப்போவுது, போய்க் குடி. இல்லன்னா நானே தலையில ஊத்திவிடுவேன்."

அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். அதுதான் அவனுக்கு நல்லது. ஜிபார் ஆறு வருடமாகக் கணவாய்க்கு அப்பாலிருக்கும் தலாஸ் ஊருக்கு வாடகைக்கு ஆள் ஏற்றுகிறவள். புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய், முதலில் பணம் அனுப்புவதை நிறுத்தினான், பிறகு போன் செய்வதையும் நிறுத்தினான். தையல் கூடத்தில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பத்து வருடம் உட்கார்ந்த பிறகுதான் அண்ணன் தொல்கோனிடம் இந்த ஜெர்மன் வண்டியை வாங்கினாள். பனியிலும் மழையிலும் கணவாய் ஏறி இறங்கி, அந்த வருமானத்தில் மகள் செசிமைப் படிக்க வைத்துக் கல்யாணமும் முடித்தாள். சக்கரம் மாற்ற இதுவரை எந்த ஆண்பிள்ளையையும் அவள் கூப்பிட்டதில்லை.

போன வாரம் கணவாயில் இறங்கும்போது பிரேக் மிதி காலுக்கடியில் உதறியது. முன்சக்கரத்திலிருந்து புகை வந்தது. பின்சீட்டில் இருந்த கிழவர் கையேந்தித் தொழ ஆரம்பித்துவிட்டார். கழற்றிப் பார்த்தால் டிஸ்க் தகடாகத் தேய்ந்திருந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த செசிம் நாளைக் காலையில் அதே வண்டியில் கைக்குழந்தையோடு தலாஸில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போகவேண்டும். பிள்ளைக்கு நாற்பதாம் நாள் முழுக்கும் முடிந்துவிட்டது. ஜிபாரின் பயமெல்லாம் கோபமாகவே வெளியே வந்தது.

"இந்தா, பழசு. இதையே அளந்து தொலை," என்று பையிலிருந்து தேய்ந்த டிஸ்க்கை எடுத்து நீட்டினாள்.

இஸ்மார் அளந்தான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடி அளந்தான். புது டிஸ்க் அதைவிட இரண்டு விரல் சின்னதாக இருந்தது.

"அக்கா, இது பெரிய எஞ்சின் வண்டியோட டிஸ்க். மேட்டுல நல்லா இழுக்குமா வண்டி?"

"இழுக்கும். அண்ணன் அதைச் சொல்லித்தான் வித்தான்."

கயிறு கட்டி இழுத்து வந்து சந்தை ஓரத்தில் நிறுத்தியிருந்த வண்டிக்கு இஸ்மார் நடந்தான். முன்சீட்டுக்குக் கீழே இருந்த கம்பளத்தை இழுத்து உரித்தான். தார் பூசிய தரையை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினான். இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை, குறுக்கே, ஒரு வெல்டிங் தழும்பு.

ஜிபாருக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. முழு வண்டிக்குச் சுங்கவரி அதிகம், உதிரிபாகத்துக்குக் குறைவு. அதனால் வாங்குகிற நாட்டிலேயே நடுவில் அறுத்து, பாதி பாதியாகக் கொண்டுவந்து இங்கே ஒட்டுவார்கள். ஊரில் பாதிப்பேர் செய்த வேலைதான். இதில் அவசரத்தில் ஒன்றின் முன்பாதியும் இன்னொன்றின் பின்பாதியும் சேர்ந்துவிட்டன. காகிதம் பின்பாதியுடையது, எஞ்சினும் பிரேக்கும் முன்பாதியுடையவை.

"அறுக்காத வண்டின்னு ரொட்டி மேல கை வச்சுச் சத்தியம் பண்ணானே, படுபாவி!" என்றாள். சந்தையே திரும்பிப் பார்த்தது.

இஸ்மார் பெரிய டிஸ்க் ஒரு ஜோடி தேடி எடுத்து, அங்கேயே தன் கையால் மாட்டிக் கொடுத்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. "பிரேக் இனிமே பிடிக்கும். மத்ததுக்கு நான் பொறுப்பில்லக்கா," என்றான். அவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஜிபாருக்குத் தோன்றியது. ஆனால் வாயில் இருந்ததெல்லாம் அண்ணனுக்கான வசவு. தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கிளம்பினாள்.

தொல்கோன் வீட்டு வாசலில் தன் வெள்ளை வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். கழற்றிய கம்பளத்தை ஜிபார் அவன் காலடியில் எறிந்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு ஒட்டினது அண்ணே?"

"எல்லாரும் அப்போ அப்படித்தான் கொண்டாந்தாங்க ஜிபார். நல்ல வெல்டர். ஆறு வருஷம் ஒண்ணும் ஆகலையே."

"நல்ல வெல்டரா? சரி. புது டிஸ்க் மாட்டியாச்சு. முன்சீட்டுல ஏறு. கணவாய் வரைக்கும் போயிட்டு வருவோம்."

"இப்பவா? வேலை கிடக்கு."

"நாளைக்கு ஏறு. செசிம் கூடவே ஏறு. பிள்ளைய உன் மடியில வச்சுக்க."

தொல்கோன் வாளியைப் பார்த்தான். துணியைப் பிழிந்தான். பிழிந்ததையே மறுபடி பிழிந்தான்.

"அதுல நான் ஏற மாட்டேன்," என்றான் கடைசியில், மெதுவாக.

ஜிபார் ஆத்திரத்தில் அடிக்கத்தான் ஓங்கினாள், பெரியவன் என்று கையை இறக்கிக்கொண்டாள். ஆறு வருடத்தில் அவன் ஒருநாளும் அந்த வண்டியில் ஏறவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தலாஸுக்கு எந்தச் சாவுக்குப் போனாலும், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், தன் பிள்ளைகளைத் தன் வண்டியிலேயேதான் ஏற்றிக்கொண்டு போனான்.

"கூடப் பிறந்தவளை அதுல ஏத்திவிட்டுட்டுப் பின்னாலேயே தனி வண்டியில வந்தியே, உனக்கு ரொட்டி எப்படி எறங்குச்சு?"

ஜிபார் தன் வண்டியை அவன் வாசலிலேயே விட்டுவிட்டு, சாவியை வாளித் தண்ணீரில் போட்டாள். பிறகு அவன் முன்னால் கையை நீட்டினாள்.

"உன் சாவியக் குடு. நாளைக்கு என் பொண்ணு இதுல போவா."

தொல்கோன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தான். வெள்ளை வண்டியில் ஏறி உட்கார்ந்த ஜிபார் கம்பளத்தை உரித்துப் பார்க்கவில்லை. அது முழு வண்டி என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.