செத்தவள் பேரில் இருபத்திரண்டு வருஷம்

எங்கள் எஸ்டேட் கங்காணி, தமிழுக்காக உயிரைக் கொடுப்பேன் என்று மேடை மேடையாகக் கத்திக்கொண்டிருந்த வருஷம் அது. உயிரெல்லாம் அவரிடம் யாரும் கேட்கவில்லை. "இந்தப் பொம்பளையை எனக்குத் தெரியும்" என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னோம். அதைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அந்தப் பொம்பளை என் அம்மா. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காதோரம் சூடாகிறது. நான் பக்குவமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அம்மா திருநெல்வேலிப் பக்கத்து ஊர்க்காரி. அப்பா நான் பிறந்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். கைக்குழந்தையான என்னை இடுப்பில் கட்டிக்கொண்டு, இந்தக் கங்காணியின் பின்னால் போடியிலிருந்து நடந்தே மலையேறி வந்தாள். தேவிகுளம் தாலுகாவில் ஒரு தேயிலை எஸ்டேட். வந்த மறுநாளே அவளைக் கொழுந்து கிள்ள நிறுத்தினார். நிறுத்தியது அவள் பேரில் இல்லை.

அது அப்போது மலையில் சாதாரணமாக நடந்துகொண்டிருந்த காரியம். ஒவ்வொரு கங்காணியும் தன் கீழே இத்தனை தலை இருக்கிறது என்று துரைக்குக் காட்ட வேண்டும். தலை குறைந்தால் கங்காணிக்கு மரியாதை குறையும். அதனால் ஒருத்தி காய்ச்சலில் செத்தாலும், ஒருத்தன் ஊருக்குப் போய்த் திரும்பாவிட்டாலும், செக்ரோல் என்கிற வருகைப் புத்தகத்தில் பேரை அடிக்க மாட்டார்கள். அடுத்து வருகிற ஆளை அந்தப் பேரிலேயே சொருகிவிடுவார்கள். அம்மா வருவதற்குப் பத்து நாள் முன்னால் ஒருத்தி பேதியில் செத்திருந்தாள். "இனிமே ஒம் பேரு இதுதான். காலைல மஸ்டர்ல கூப்பிட்டா, இருக்கேன்னு சொல்லு" என்றார் கங்காணி. அம்மா இருபத்திரண்டு வருஷம் சொன்னாள். லயம் என்கிற வரிசை வீட்டுச் சனமும் அந்தப் பேரையே கூப்பிட்டுப் பழகிவிட்டது. தன் சொந்தப் பேரை அம்மா எனக்கு மட்டும் சொல்லியிருந்தாள்.

முதல் தேர்தல் வந்தபோது செக்ரோலைப் பார்த்துத்தான் ஓட்டர் லிஸ்ட் எழுதினார்கள். அம்மா போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, "அந்த மவராசி போய்ச் சேந்தும் அவ பேர்ல ஓட்டுப் போட்டுட்டு வாரேன்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். விரலில் வைத்த மையை இரண்டு நாள் எல்லோருக்கும் காட்டினாள். அவள் விரல் நுனியை எவனாவது மரியாதையாகப் பிடித்து ஒரு காரியம் செய்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் வந்தது மொழிச் சண்டை. மாநிலங்களைப் பாஷைப்படி பிரிக்கப்போகிறார்கள், தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்ப் பக்கம் போகுமா மலையாளப் பக்கம் நிற்குமா என்று ஊரெல்லாம் அதே பேச்சு. அடுத்த தேர்தலில் தமிழ்க் கட்சி ஜெயித்தால் இங்கே இருப்பது தமிழ்ச் சனம் என்று டெல்லிக்குக் காட்டலாம். அதனால் லிஸ்டில் இருக்கிற ஒவ்வொரு பேருக்கும் திடீரென்று விலை வந்துவிட்டது. எங்கள் கங்காணி ராத்திரியோடு ராத்திரியாகக் கட்சித் தலைவர் ஆனார். பிரம்பைப் போட்டுவிட்டுத் துண்டைப் போட்டுக்கொண்டார். "இந்தக் காட்டை வெட்டித் தோட்டம் ஆக்குனவன் தமிழன். நாம வந்தேறி இல்ல!" என்று அவர் கத்தும்போது நானும்தான் கை தட்டினேன். பொய் சொல்ல மாட்டேன், உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மறுகட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? லயத்து ஆட்கள் எல்லாம் நேற்று வந்தவர்கள், பாதிப் பேர் கள்ள ஓட்டு என்று மனு மேல் மனு போட்டார்கள். எங்கள் பாக்டரி கிளார்க் அந்தக் கட்சி. வேலை நேரத்தில் உட்கார்ந்து எஸ்டேட் ஆஸ்பத்திரியின் பழைய சாவுப் புத்தகத்தையும் ஓட்டர் லிஸ்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான். பேர் மாற்றி நின்ற மற்றவர்கள் தப்பித்தார்கள், அந்தப் பேருக்கு உரியவர்கள் கீழே ஊரில் போய்ச் செத்தவர்கள், இங்கே எழுத்து கிடையாது. இங்கேயே செத்து, இங்கேயே எழுதப்பட்டவள் அம்மா பேர்க்காரி ஒருத்திதான்.

நோட்டீஸ் மலையாளத்தில் வந்தது. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், அது தெரியாது. பாலக்காட்டிலிருந்து வந்து எங்கள் பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த ராவுத்தரிடம் கொண்டுபோனேன். அவருக்கு இரண்டு எழுத்தும் தண்ணீர் பட்ட பாடு. வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இந்தப் பேருல உள்ளவங்க மௌத்தாயிட்டாங்க, அதனால பேரை நீக்கணும்னு ஒருத்தர் எழுதிக் கொடுத்திருக்காரு. திங்கக்கிழமை அதிகாரி வாராரு. ஒங்கம்மா அவ இல்லேன்னா, இவ யாரு, எத்தனை வருசமா இங்க இருக்கான்னு சாட்சி சொல்ல ஆள் வேணும். அப்பத்தான் சொந்தப் பேருல சேப்பாங்க" என்றார்.

சாட்சி என்றால் ஒரே ஆள்தான். கூட்டிக்கொண்டு வந்தவர்.

அன்றைக்குச் சாயங்காலமே அம்மாவும் நானும் கங்காணி வீட்டுக்குப் போனோம். வாசலில் கொடி பறக்கிறது. எங்களைப் பார்த்ததும், "வா தாயி" என்று எழுந்தே விட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அம்மாவுக்காக அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை, கடைசித் தடவையும். விஷயத்தைச் சொன்னதும், "இம்புட்டுத்தானா? நான் பாத்துக்கிடுதேன். தமிழச்சி பேர எவன் எடுத்துருவான்?" என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் அம்மாவுக்குக் கால் தரையில் படவில்லை. "ஏட்டி, என் பேரையே எழுதுவாகளாம்ல. ஒங்கப்பா பேரும் போடுவாகளா?" என்று நாலு தடவை கேட்டாள். நானும் போடுவாங்க, போடுவாங்க என்றேன். மூதி, நானும் நம்பினேன்.

திங்கட்கிழமை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். மலையாளத்துக்காரர், வயதானவர். ஒரு பக்கம் கிளார்க், சாவுப் புத்தகத்தோடு. இன்னொரு பக்கம் எங்கள் கங்காணி, கட்சி ஏஜெண்டாக. அம்மா இருக்கிறதிலேயே நல்ல சேலையைக் கட்டி, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தாள்.

கிளார்க் வாசித்தான். அதிகாரி அம்மாவிடம், "பேடிக்க வேண்டா. உள்ளதைச் சொன்னால் மதி. இது உங்கள் பேர்தானா?" என்றார். அவர் கத்தவில்லை, அதட்டவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

"இல்ல சாமி" என்றாள் அம்மா. தன் சொந்தப் பேரைச் சொன்னாள். அப்பா பேரையும் ஊர்ப் பேரையும் சேர்த்துச் சொன்னாள். "இந்தக் கங்காணி அய்யாதான் கூட்டியாந்தாரு. அவருதான் அந்தப் பேர்ல நிறுத்துனாரு. அவர்ட்ட கேளுங்க."

அதிகாரி திரும்பி, "நீங்கள் அறியுமோ இவரை?" என்று கேட்டார்.

கங்காணி ஒரு தடவை தொண்டையைச் செருமினார். "தெரியாதுங்க" என்றார். "செக்ரோல்ல என் ஆளுக எல்லாம் அவங்கவங்க சொந்தப் பேர்லதான் இருக்காங்க. இந்தம்மா யாருன்னு தெரியல. புதுசா வந்ததா இருக்கும்."

என் அம்மாவைப் பார்த்து! மூன்று முழத் தூரத்தில் நின்றுகொண்டு! அவர் வீட்டுக்கு எத்தனை சுமை விறகு சுமந்தாள், அவர் பொஞ்சாதிக்கு எத்தனை பிரசவம் பார்த்தாள்! எனக்குக் கண் இருட்டியது. "அடப்பாவி" என்று வாய் வரைக்கும் வந்தது. அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள், நகம் பதிந்தது.

அதிகாரிக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். அம்மாவிடம் மெதுவாக, "இதுபோல் வேறு பேரில் நிற்பவர்கள் இன்னும் உண்டோ?" என்று கேட்டார். கிளார்க் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். எங்கள் லயத்திலும் அடுத்த லயத்திலுமாக இருபது முப்பது பேர் உண்டு. அத்தனை பேரையும் அம்மாவுக்குத் தெரியும். ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம், கங்காணியின் தலைவர் உத்தியோகம் அங்கேயே கவிழ்ந்திருக்கும்.

"வேற யாரும் இல்ல சாமி" என்றாள் அம்மா. "நான் ஒருத்திதான்."

செத்தவள் பேரை அடித்தார்கள். உயிரோடு இருப்பவள் பேரை எழுத ஆதாரம் இல்லை. அவ்வளவுதான், கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

பள்ளிக்கூடத்துக்குக் கீழே வளைவில் கங்காணியை மறித்தேன். "தெரியாதா? எங்கம்மாவ ஒமக்குத் தெரியாதா? நாக்கு அழுகிராது?" என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். குரலைத் தாழ்த்தி, பெரிய மனுஷன் மாதிரி, "ஏ புள்ள, யோசிச்சுப் பேசு. நான் ஆமான்னு சொல்லியிருந்தா ஒவ்வொருத்தரையா நோண்டியிருப்பான். முப்பது தமிழ் ஓட்டுப் போயிருக்கும். ஒரு ஓட்டுக்காக முப்பதை விடச் சொல்லுதியா? இது நம்ம பாஷைக்காக. ஒங்கம்மாவுக்கே அது புரிஞ்சிருக்கு, அதான் வாயத் தொறக்கல" என்றார்.

அம்மா வாயைத் திறக்காதது முப்பது பொம்பளைகளுக்காக. அதையும் எடுத்துத் தன் மடியில் கட்டிக்கொண்டார் பாருங்கள். பேர் மாற்றி வைத்த குற்றம் அவருடையது, அதைத் துரைக்கும் அதிகாரிக்கும் தெரியாமல் மறைக்க என் அம்மா வேண்டும், மறைத்த பிறகு அதற்குப் பேர் தமிழ். எனக்கு வந்த ஆத்திரத்தில் காறித் துப்பினேன். அவர் காலுக்கு அரை அடி தள்ளி விழுந்தது.

லயத்தை விட்டு இறக்கிவிடுவார்களோ என்று அம்மா ராத்திரி தூங்கவில்லை. காலையில் மஸ்டருக்குப் போனோம். ஆள் கணக்கு எடுக்கிற கண்டக்டர் செக்ரோலைப் பிரித்து வழக்கம்போலச் செத்தவள் பேரைக் கூப்பிட்டார். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். "இருக்கேன்" என்றாள். கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு காட்டுக்கு ஏறினாள். கொழுந்து கிள்ள அந்தப் பேர் போதும், எந்தக் கட்சியும் அதற்கு மனு போடவில்லை. அந்தக் கிளார்க்கும் அன்றைக்கு மஸ்டரில்தான் நின்றான்.

தேர்தலுக்கு முந்தின நாள் கங்காணி கை கூப்பிக்கொண்டு லயம் லயமாக வந்தார். பின்னால் பத்துப் பேர், கொடி, கோஷம். எங்கள் வாசலிலும் கூச்சமில்லாமல் வந்து நின்றார். "மறந்துராத தாயி. நம்ம பெட்டி. தமிழுக்கு ஒரு ஓட்டு" என்றார் என்னிடம். எனக்குத்தான் வயசு வந்து, என் பேரில் ஓட்டு இருக்கிறதே.

"போடுதேன்" என்றேன். "ஒண்ணே ஒண்ணு சொல்லும். எங்கம்மா பேரு என்ன?"

அவர் சிரித்தார். இதென்ன பெரிய கேள்வி என்கிற சிரிப்பு. அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னார். செத்தவள் பேரைச் சொன்னார்.

அதிகாரி முன்னால் அம்மா தன் வாயால் சொன்ன பேர் அவர் காதில்கூட விழவில்லை. சொன்ன பிறகுதான் தப்பு அவருக்கே தெரிந்தது, முகம் கறுத்தது. கூட வந்தவர்களில் ஒருத்தன் கோஷம் போட்டு அதை மூடினான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கதவைச் சாத்தினேன்.

மறுநாள் ஓட்டுச் சாவடியில் திரைக்குப் பின்னால் பெட்டிகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னம். கங்காணியின் கட்சிப் பெட்டி ஒன்று. பக்கத்திலேயே என் அம்மாவைச் செத்தவள் என்று எழுதிக் கொடுத்தவன் கட்சிப் பெட்டி. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளியிலிருந்து ஆள் சத்தம் கொடுக்கிறான், சீக்கிரம் சீக்கிரம் என்று. கிழித்துப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். அதற்கும் மனம் வரவில்லை, நான் பேசுகிற பாஷை அந்த ஆளுக்கு மட்டும் சொந்தமா? தமிழ்ப் பெட்டியில் போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் விரல் மையைத் தொட்டுப் பார்த்தாள்.

"யாருக்குட்டி போட்ட?"

"அந்தாளு கட்சிக்குத்தான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தலையை ஆட்டினாள். "நானா இருந்தாலும் அங்கனதான் போட்டிருப்பேன்" என்றாள்.