மொச்சை வேர் கூப்பிட்டது

மலைக்கு மேலே பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கூடலூருக்கு மேற்கே காடு வெட்டித் திருத்திய ஒரு துண்டுப் புஞ்சையை என் தகப்பனார் எனக்கும் என் மனைவிக்கும் உழக் கொடுத்திருந்தார். முதல் வருஷம் விதைத்த மொச்சை மஞ்சளாய் வெளுத்துச் சூம்பிவிட்டது.

"அடுத்த விதைப்பும் இப்படித்தான்னா நிலத்தை மூத்தவன்கிட்ட விட்டுரு" என்றார் தகப்பனார். வேறு நிலம் எங்களுக்கு இல்லை.

என் மனைவி வெளுத்த செடி ஒன்றைப் பிடுங்கி வேரைத் தடவிப் பார்த்தாள்.

"ஒரு மணிகூட இல்லையே! கோம்பையில எங்க அய்யா புஞ்சையில மொச்சை வேரெல்லாம் மணிமணியாப் புடைச்சிருக்கும். நசுக்கினா உள்ள ரத்தமாட்டம் சிவப்பு. அங்கன இருந்து மண்ணு எடுத்தாந்து போட்டுப் பாப்பமா?"

அடுத்த விதைப்புக்கு முன் கோம்பைக்குப் போனவள், வருஷம் தவறாமல் மொச்சை விளைந்த அந்தப் புஞ்சையிலிருந்து இரண்டு கூடை மண்ணோடு வண்டியில் வந்து இறங்கினாள். என் அண்ணன் பார்த்துவிட்டார்.

"ஏலே, உன் மாமனார் சீதனத்துக்கு மண்ணையா குடுத்து விட்டாக? செய்வினை மண்ணா இருக்கப்போவுது!"

"மாதா படம் மாட்டுன வீட்டுக்குச் செய்வினை எப்படி வரும் மச்சான்? நீங்களே ஒரு கை அள்ளிப் பாருங்க" என்று அவள் கூடையை நீட்டினாள். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, அந்த மண்ணை மொச்சை விதையோடு கலந்து விதைத்தோம். ஊடே சோளமும் போட்டோம். சர்வேசுரன் மழை தந்தார். மொச்சை கருகருவென்று படர்ந்தது.

தகப்பனார் வந்து ஒரு மொச்சையைப் பிடுங்கினார். வேர் முழுக்க மணி. பக்கத்துச் சோளத்தையும் பிடுங்கினார். ஒன்றுமில்லை.

"ஒரே மண்ணுதானே ஆத்தா. இதுல இருக்கு, அதுல ஏன் இல்ல?"

"மொச்சை வேரு என்னமோ கசியவிட்டுக் கூப்பிடுது மாமா. வேரடி மண்ணை மோந்து பாருங்க, சோளத்தடி வாடை வேற. கூப்பிட்ட வேர்லதான் மணி கட்டும்."

அவர் இரண்டையும் முகர்ந்தார். பிடுங்கிய மொச்சைச் செடியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். கண்ணுக்குத் தெரியாத எதையோ மண்ணுக்குள் வைத்த சர்வேசுரன், அதை அழைக்கும் வகையை ஒரு செடியின் வேருக்குக் கொடுத்திருக்கிறார். அதைக் கண்டுகொள்ளும் கண்ணை என் வீட்டில் இருப்பவளுக்குக் கொடுத்தார். அதற்காக இன்றும் ஜெபத்தில் நன்றி சொல்கிறேன்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் அண்ணன் நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தார். தகப்பனார் ஊரார் காதில் விழவே சொன்னார்:

"அது எம் மருமக புஞ்சை. அங்கன கால் வைக்கணும்னா அவளைக் கேட்டுட்டு வை."

அன்று வீடு வரும்வரை, எப்போதும்போல் அவளுக்கு முன்னால் நடக்க எனக்கு மனம் வரவில்லை. ஊர் பார்க்க, பக்கத்திலேயே நடந்தேன்.