குடத்துத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது

பிள்ளைகளே, நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குள் வருடம் முழுக்கக் குளிர்தான். காலையிலிருந்து ஏர்கோனில் நின்றுவிட்டு, ஏர்கோன் பஸ்ஸில் வீடு திரும்புகிறவன் நான். ஆனாலும் வெயிலைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் என் மகளுக்குப் பதினோரு வயது. தைப்பூசத்துக்கு, டத்தோ கிராமாட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக் கோயில் வரை நடந்தே பால்குடம் எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பினாங்கில் மழையே எட்டிப் பார்க்காத மாதம் அது. அவள் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஸ்கூல் மைதானத்துல பத்து நிமிசம் நின்னதுக்கே மயங்கி விழுந்தவ இவ. முதல்ல ஒரு சனிக்கிழமை குடத்துல தண்ணி ஊத்தி நடந்து காட்டட்டும். நான் காடிய ஓட்டிட்டு வந்து மலையடியில நிப்பேன். குடமும் நிறைஞ்சு இருக்கணும், ஆளும் நேரா நிக்கணும்."

"நான் கூடப் போறேன், நீ கவலைப்படாதே" என்றேன்.

சனிக்கிழமை ஆறரைக்கே மகள் குடத்தின் வாயை மஞ்சள் துணியால் கட்டிவிட்டு வாசலில் நின்றாள். "பசியாறிட்டுப் போவோம்மா" என்று நான்தான் கடைக்கு அழைத்துப் போனேன். இரண்டு ரொட்டி சானாய், நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரே. கடையில் பழைய சிநேகிதர் ஒருவர் அகப்பட்டார். இன்னொரு தே தாரே. நாங்கள் கிளம்பும்போது ஒன்பதரை.

தொப்பை தெரியாமல் இருக்கக் கறுப்புச் சட்டை போட்டிருந்தேன். தொப்பி வேண்டாம் என்றுவிட்டேன். மகள் ஒரு மரத்தடியிலிருந்து அடுத்த மரத்தடிக்கு, நிழல் பார்த்து நடந்தாள். தோளில் தொங்கிய சின்னப் புட்டியிலிருந்து அவ்வப்போது ஒரு வாய் குடித்தாள்.

"இப்படி வளைஞ்சு வளைஞ்சு நடந்தா எப்ப போய்ச் சேர்றது?"

"வெயில்ல நடந்தா சேரவே மாட்டோம்பா. கடை வருது, தண்ணி வாங்கிக்குங்க."

"அப்பா ஒட்டகம்மா. எனக்கெல்லாம் வேணாம்."

கடைகள் முடிந்து பெரிய பங்களாக்கள் மட்டும் இருக்கும் சாலை வந்தது. அங்கேதான் ஒட்டகத்துக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மகளின் புட்டியும் காலி. காதுக்குள் வண்டு ரீங்கரித்தது, கால் பின்னியது. ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கழுத்தில் ஈரத் துண்டோடு ஓடி வந்த சீனத் தாத்தா ஒருவர், "அங்கிள், ஓக்கே கா?" என்றார். அவருக்கு எழுபது வயதாவது இருக்கும். நான் அங்கிள்!

மகள் குடத்தை இறக்கித் துணி முடிச்சில் கை வைத்தாள்.

"வேணாம்மா! குடத்துத் தண்ணியைக் குடிக்கக் கூடாது."

"இது பைப்புத் தண்ணிலா, அப்பா! காலையில நீங்கதான புடிச்சீங்க?"

"அம்மா வந்து பார்ப்பாங்களே. குடம் குறைஞ்சா நீ பூசத்துக்கு நடக்க முடியாதும்மா."

அவள் கை நின்றது. குடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்துவிட்டாள். "குடிங்க. மெதுவா."

கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். மிச்சத்தில் துணியை நனைத்து என் கழுத்தில் சுற்றினாள், தலையிலும் ஊற்றினாள். வண்டு பறந்து போகிறவரை உட்கார்ந்திருந்தோம்.

மலையடிவாரத்தில் மனைவி குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு கை அள்ளத்தான் தண்ணீர் இருந்தது.

"எங்கடி ஊத்தின?"

"அப்பா தலையில" என்றாள் மகள், தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கறுப்புச் சட்டையையும் சொன்னேன், இரண்டாவது தே தாரேயையும் சொன்னேன். மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"நீ நட, ஆயி. உனக்கு வெயில் தெரியுது. அப்பாவையும் கூட்டிட்டுப் போ. ஆனா நீ நில்லுன்னா அவர் நிக்கணும், குடின்னா குடிக்கணும்."

பூசத்தன்று பொழுது விடியும்போதே புறப்பட்டோம். வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். ஒவ்வொன்றிலும் மகள் நின்றாள்.

"குடிங்கப்பா."

"இப்பதானேம்மா குடிச்சேன்?"

"அம்மா சொல்லியிருக்காங்க."

மோர், ரோஜா சர்பத், எலுமிச்சைச் சாறு, மறுபடியும் மோர். அவள் ஒரு சொட்டுப் பாலும் சிந்தாமல் படியேறினாள். கீழே கழிவறை வரிசையில் நின்றபடி, நான் அதைக் கண்குளிரப் பார்த்தேன்.