பீர் முஹம்மதின் தேக்கு வண்டி

பீர் முஹம்மது நல்ல மனிதர் என்று மந்தைவெளியில் சொல்லாதவர்கள் இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு காலத்தில் அவர் கட்டிய மோட்டார் வண்டிகளுக்கெல்லாம் வர்ணம் பூசியவன் நான்தான். நான் பட்டறைக்குப் போனதும், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைப் பற்றிப் பேசுவார். அப்படிப்பட்டவர் தன் மகளுக்குச் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த நாளில் பல கார்கள் சீமையிலிருந்து முழுசாக வராது. இஞ்சினும் சக்கரங்களும் இரும்புச் சட்டமும் மட்டும் கப்பலில் வந்து இறங்கும். கதவு, இருக்கை, கூரை எல்லாம் இங்கேதான் கட்ட வேண்டும். குதிரை ஜட்கா கட்டிக்கொண்டிருந்த பீர் முஹம்மது இந்த வேலைக்கு மாறினார். ஜட்காவில் கற்றதை அப்படியே காருக்கும் கொண்டுவந்தார். முழுத் தேக்கு, மூலைக்கு மூலை இரும்புப் பட்டை, பித்தளைக் கைப்பிடி. அவர் வண்டிக் கதவைத் தூக்கி மாட்ட இரண்டு ஆள் வேண்டும்; அதில் அவருக்குப் பெருமை வேறு.

அவர் பட்டறை இருந்த தெருவிலேயே ஷரீஃப் என்று இன்னொருவர் இருந்தார். மெல்லிய மரச் சட்டத்தின் மேல் தகரத்தையும் மெழுகுத் துணியையும் போர்த்தி வண்டி கட்டுவார். அது காத்தாடி கட்டுகிற வேலை, ஊரை ஏமாற்றுகிற வேலை என்று பீர் முஹம்மது போகிற இடமெல்லாம் சொன்னார். ஷரீஃபின் மனைவி நஸ்ருன்னிசா தன் மகன் அன்வர் பாஷாவுக்கு வஜீஹாவைக் கேட்டு வந்தபோதும் அதையேதான் சொன்னார். வஜீஹா அவருடைய ஒரே மகள். அவளுக்கு அன்வரைப் பிடித்திருந்தது. அதைத் தாய் ஜமீலுன்னிசாவிடம் வாய்விட்டே சொன்னாள். தாய் சொல்லியும் தகப்பன் காதில் ஏறவில்லை. மரத்தில் ஏமாற்றுகிறவன் வீட்டுக்குப் பெண் கிடையாது என்று முடித்துவிட்டார்.

முப்பத்திரண்டாம் வருஷம் மயிலாப்பூர் வக்கீல்கள் இருவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை பிடித்தது. ஸ்ரீனிவாசராகவன் இருபத்துநாலு குதிரைச் சக்தி இஞ்சின் தருவித்துப் பீர் முஹம்மதிடம் விட்டார். அவருடைய சிநேகிதர் சங்கரன் பன்னிரண்டு குதிரைச் சக்தியோடு திருப்திப்பட்டு ஷரீஃபிடம் போனார். இரண்டு வண்டிக்கும் நான்தான் வர்ணம். எது முந்தும் என்று ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று வக்கீல்கள் முடிவு செய்தார்கள். பீர் முஹம்மது உடனே ஷரீஃபின் பட்டறை வாசலில் போய் நின்றார்.

"உன் காத்தாடி முன்னால போச்சுன்னா நானே வந்து பொண்ணு குடுக்கறேன். போவலன்னா இனிமே அந்தப் பேச்சே எடுக்காத."

"அல்லா சாட்சியா சொல்றியா?" என்று ஷரீஃப் கேட்டார்.

"அல்லா சாட்சியா."

நான் தூரிகையோடு பக்கத்தில் நின்றிருந்தேன். பெண்ணைப் பந்தயத்தில் வைக்கிறாரே என்று எனக்குத் திக்கென்றது. பிறகு அவரிடம் தனியாகக் கேட்டேன். மேட்டில் ஜட்கா ஏறும்போது சவாரியை இறங்கி நடக்கச் சொல்வது வண்டிக்காரர் வழக்கமாயிற்றே, பாரம் பாரம்தானே என்றேன். அது குதிரை, அதற்கு மூச்சு வாங்கும், இஞ்சினுக்கு என்ன களைப்பு என்று என்னை மடக்கினார். ஜட்காவிலேயே வளர்ந்த மனிதருக்கு அப்படித்தான் தோன்றியது.

மாம்பலம் ஏரியைத் தூர்த்துப் புதிதாகப் போட்ட தியாகராய நகர்ச் சாலையில், பனகல் பூங்காவுக்குப் பக்கத்தில் இரண்டு வண்டியும் நின்றன. கைக்குட்டை விழுந்ததும் சின்ன வண்டி துள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டது. தேக்கு வண்டி உறுமியது, புழுதி கிளப்பியது, அப்புறம்தான் மெல்ல நகர்ந்தது. பாதிச் சாலை தாண்டியபிறகு அதற்கும் ஓட்டம் பிடித்தது. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. ஆனால் அது எட்டிப் பிடிப்பதற்குள் சாலை முடிந்துவிட்டது.

ஸ்ரீனிவாசராகவன் முகம் சுண்டிப்போய் இறங்கினார். சங்கரன் அவர் தோளில் கை போட்டார்.

"உன் வண்டிக்கு ரெட்டிப்புக் குதிரை, வாஸ்தவம். ஆனா அது இழுக்கற பாரம் மூணு பங்குடா. ஒரு குதிரைக்கு இவ்வளவு பாரம்னு பிரிச்சுப் பாரு, என் குதிரைக்குத்தான் சுமை கம்மி. அதான் கிளம்பறச்சே முந்திண்டுடுத்து. நீண்ட ரோடா இருந்தா நீ என்னைத் தாண்டிண்டு போயிருப்பே."

பீர் முஹம்மது கடைசி வாக்கியத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஷரீஃப் அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றார். ரோடு பத்தவில்லை, இது பந்தயத்தில் சேர்த்தி இல்லை என்று சொல்லிவிட்டுப் பீர் முஹம்மது ஜட்கா பிடித்து வீட்டுக்குப் போனார். ஆண்டவனைச் சாட்சிக்கு அழைத்தபோது ரோட்டின் நீளத்தை அவர் பேசவில்லை. அதைச் சொல்லிக் காட்டினேன். வர்ணக்காரனுக்கு வர்ணத்தோடு நிற்கத் தெரிய வேண்டும் என்றார்.

அந்த மாதமே வஜீஹாவை ராயப்பேட்டை மரக்கிடங்கு மெஹபூப் அலிக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைத்தார். மூத்தாள் பிள்ளைகள் இருவரும் அவளைவிடக் கொஞ்சம்தான் சின்னவர்கள். அன்வர் பாஷா கொஞ்ச நாள் எங்கள் தெருவில் பித்துப் பிடித்தவன்போலத் திரிந்தான். பிறகு ரங்கூனுக்குக் கப்பலேறினான்.

அடுத்த வருஷம் பார்த்தால், பீர் முஹம்மது தகரம் அடித்துக்கொண்டிருக்கிறார். மெல்லிய சட்டம், மெழுகுத் துணி, எல்லாம் ஷரீஃபின் வேலை. யாரிடமும் வாய் திறந்து ஒப்புக்கொள்ளவில்லை, கை ஒப்புக்கொண்டுவிட்டது. வேலை குவிந்தது.

ரம்ஜான் பெருநாளுக்கு வந்திருந்த வஜீஹா மறுநாள் அவருக்குப் பட்டறைக்கே சேமியா கொண்டுவந்தாள். மெலிந்து கறுத்துப் போயிருந்தாள். சுவரில் சாய்த்திருந்த புதுக் கதவை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தாள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"எவ்ளோ லேசா கீது பாத்தியாம்மா? இதான் முன்னால போவும்."

"எப்ப தெரிஞ்சிச்சு அத்தா?"

"அன்னிக்கு ரோட்டுலயே தெரிஞ்சிபோச்சு" என்றார் அவர், யோசிக்காமல்.

வஜீஹா கதவைக் கீழே வைத்தாள்.

"அப்போ நான் எதுக்கு அந்த வூட்ல கீறேன்?"

பீர் முஹம்மது சேமியாக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள். நான் கலந்து வைத்திருந்த வர்ணத்தை மூடினேன். அதற்குப் பிறகு அவர் வண்டி எதையும் நான் தொடவில்லை.