வெப்சைட்டில் போட்ட பாலம்

வேன் அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று இப்போது ஊரே சொல்கிறது. அப்படிச் சொல்கிறவர்கள் ஒரு நாளாவது அவள் வேனில் ஏறியிருக்க வேண்டும். பல வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். ஒருவன் பின்சீட்டில் வாந்தி எடுப்பான். ஒருத்தி பக்கத்துப் பிள்ளையின் தலைமுடியில் சூயிங்கம் ஒட்டுவாள். கண்ணாடியில் பார்த்து ஒரு அதட்டுப் போடுவாள், அதோடு சரி. அவளுக்குக் கோபம் வந்தது பின்னால்தான்.

பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிய ஒரு காலையில், கால்வாய்ப் பாலத்தின் நடுவே முன்சக்கரம் எதிலோ இறங்கி ஏறியது. நிறுத்திப் பார்த்தாள். தார் பெயர்ந்து கையகலத்துக்கு ஓட்டை. அதன் வழியே கீழே தண்ணீர் ஓடுவது தெரிந்தது. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியை நகத்தால் கீறினாள். பொலபொலவென்று துரு உதிர்ந்தது.

சாலைத் துறை அலுவலகத்துக்குப் போன் அடித்தாள். எடுக்க நாதியில்லை. நேராகப் புருஷனின் டயர் கடைக்கு வண்டியை விட்டாள்.

"என்னங்க, அந்தப் பாலத்தப் பத்தி கவர்மெண்ட் வெப்சைட்ல ஏதாச்சும் போட்டிருக்கானுங்களான்னு பாருங்க."

அவர் கிரீஸ் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். முதல் பக்கம் முழுக்கப் பெரிய மனிதர்கள் ரிப்பன் வெட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தேடும் கட்டத்தில் 'பாலம்' என்று அடித்தால் எதுவும் இல்லை என்றது. 'கால்வாய்' என்று அடித்தால் கோணல்மாணலாக எழுத்துகளைக் காட்டி, அப்படியே அடி, நீ மனிதன்தானா பார்க்கலாம் என்றது.

"இவனுங்க மனுசங்களான்னு நாம எங்க போய் அடிச்சுப் பாக்கறது?" என்றார் அவர்.

பஞ்சர் ஒட்ட வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டு இருவரும் துழாவினார்கள். கடைசியில் 'இதர பதிவிறக்கங்கள்' என்ற மூலையில், வெறும் எண்களைப் பெயராக வைத்த ஒரு கோப்பு கிடைத்தது. பக்கங்களைப் படுக்கவைத்து ஸ்கேன் செய்திருந்தார்கள். கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தாள்.

'தாங்கு கம்பிகள் அரிக்கப்பட்டுள்ளன. கனரக வாகனங்களும் பள்ளி வாகனங்களும் இப்பாலத்தைப் பயன்படுத்துவது பாதுகாப்பற்றது. எச்சரிக்கைப் பலகை உடனடியாக வைக்கப்பட வேண்டும்.'

தேதியைப் பார்த்தாள். போன வருட மழைக்கும் முந்தியது.

மழையில் கால்வாய் கரைபுரண்டு ஓடியபோது, ஜன்னலில் மூக்கை அழுத்தி வேடிக்கை பார்த்த பிள்ளைகளுக்காகப் பாலத்தின் மேலேயே வண்டியை மெதுவாக்கியிருக்கிறாள். அது நினைவுக்கு வந்ததும் தேதியை இன்னொரு தரம் பார்த்தாள். அப்போதுதான் கோபம் வந்தது.

நேரே சாலைத் துறை அலுவலகத்துக்குப் போனாள். பொறியாளர் நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டார். "அதான் வெப்சைட்ல போட்டாச்சேம்மா. பொதுமக்கள் பார்வைக்கு வெச்சிருக்கோம். நீங்க பாக்காதது எங்க தப்பா?"

"நான் வண்டி ஓட்டுறவ சார். ரோட்டப் பாத்துதான் ஓட்டுவேன். வெப்சைட்டப் பாத்துக்கிட்டா ஓட்ட முடியும்? ஒரு பலகை வைக்க என்ன கேடு?"

"பலகைக்குத் தனி ஆர்டர் வரணும். குரல உயர்த்தாதீங்க."

"என் குரல் உசந்தா மட்டும் காதுல விழுதா?" மேசையை ஓங்கித் தட்டினாள். பேனாக்கள் உருண்டன. வாசல் காவலர் வந்து அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் அந்தப் பக்கத்தைத் திறந்தால் 'நீங்கள் தேடிய பக்கம் கிடைக்கவில்லை' என்று வந்தது. கோப்பையே தூக்கிவிட்டார்கள். நல்லவேளை, டயர் கடைக்காரர் முதல் நாளே அதைப் போனில் இறக்கி வைத்திருந்தார். பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அவள் சந்தை வழியாகச் சுற்றி ஓட்டினாள். நன்றி சொல்வார்கள் என்று பார்த்தால், பிள்ளைகள் லேட்டாகப் போகிறார்கள் என்று புகார் வந்தது. ஒரு அப்பா நடுத்தெருவில் வண்டியை மறித்தே கேட்டார்.

"இத்தன நாள் விழாத பாலமா இப்ப விழப்போகுது? சும்மா பீதியக் கிளப்பாதீங்கக்கா."

பொறியாளர் மேல் வந்த கோபமெல்லாம் இதற்கு முன் தூசு. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கினாள், பாலத்துக்குப் போனாள், அதன் வாயிலேயே வேனைக் குறுக்கே நிறுத்திச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மணல் லாரிக்காரர் ஹாரனை அமுக்கிப் பார்த்துவிட்டு, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இறங்கி வந்தார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஓட்டையைக் காட்டினாள். குனிந்து பார்த்தவர் கம்பியைப் பிடித்து ஆட்டினார், துரு கையோடு வந்தது. பிறகு பின்னால் நின்ற வண்டிகளைப் பார்த்துக் கத்தினார்: "எல்லாரும் ரிவர்ஸ் எடுங்கப்பா! பாலம் செத்துப்போச்சு!"

உச்சி வெயிலில் போலீஸ் வந்தது, பின்னாலேயே பொறியாளரின் ஜீப்பும் வந்தது. சாயங்காலத்துக்குள் தார் பீப்பாய்களை உருட்டிவந்து கயிறு கட்டிப் பாலத்தை மூடினார்கள். போக்குவரத்தைத் தடுத்ததாக அவள் மேல் ஒரு வழக்கு. அது இன்னும் நடக்கிறது.

காணாமல் போன அறிக்கை திரும்பவும் வந்தது, இம்முறை முதல் பக்கத்திலேயே. 'பொதுமக்கள் நலன் கருதித் துறை எடுத்த துரித நடவடிக்கை' என்று சிவப்பில் மின்னியது. பக்கத்தில் பீப்பாயோடு நின்று பொறியாளர் எடுத்துக்கொண்ட படம்.

டயர் கடைக்காரர் அதைக் காட்டி, "விடும்மா, நீதான் ஜெயிச்சிட்டியே" என்றார்.

"ஜெயிச்சேனா? தெனம் ரெண்டு வேளை அதுமேல பாட்டுப் பாடிக்கிட்டே வந்துச்சுங்க அந்தப் புள்ளைங்க. அதுங்க விழாம இருந்தது இவனுங்க புண்ணியமா?" போனை அவர் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். "சந்தை வழியில ரயில் மேம்பாலம் ஒண்ணு இருக்கு. அதுக்கு எந்த மூலைல என்னத்தப் போட்டு வெச்சிருக்கானுங்களோ."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கோணல்மாணல் எழுத்துகளை ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தாள்.