ஊதியும் பறக்காத தூசி

சிலையின் கண்ணைச் செதுக்கி முடித்ததும் இமையோரத்துத் தூசியை வாயால் ஊதித் தள்ளுவது என் இருபது வருடப் பழக்கம். மாமல்லபுரத்துப் பட்டறையில் ஒரு காலை அப்படி ஊதினேன். தூசி நகரவில்லை. மறுபடி ஊதினேன். எனக்குக் கண் இருட்டியது.

இருமலை வெறும் சளி என்று தள்ளிவிட்டிருந்தேன். மாடிப்படி ஏற முடியாமல் போன பிறகுதான் மனைவி தேவி என்னைச் செங்கல்பட்டில் ஒரு நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துப்போனாள். முதலில் காசநோய்க்குச் சோதித்தார்கள், அது இல்லை. ஸ்கேன் பார்த்த பிறகு அவர் சொன்ன பெயர் சிலிக்கோசிஸ் (கல் தூசி நுரையீரலில் தங்கி, அந்த இடம் தழும்பாக இறுகும் நோய்).

“ஆப்பரேஷன் பண்ணா போயிடுமா டாக்டர்?” என்று தேவி கேட்டாள்.

“தழும்பு போகாதும்மா. இவர் பட்டறையை விடணும். மீதி இருக்கிற மூச்சைப் பழக்கலாம்.”

பழக்குவதற்கு அவர் அனுப்பிய இடம் கடலோரக் குப்பத்தின் சமுதாயக் கூடம். சனிக்கிழமைகளில் என்னைப் போன்ற ஏழெட்டுப் பேர் அங்கே கூடிப் பாடுவோம். துணிக்கடை வைத்திருக்கும் பஷீர் பாய் ஆர்மோனியம் வாசிப்பார். எனக்குப் பாட வராது என்றேன்.

“இங்க யாருக்கு வருது? மூச்ச மெதுவா வுடு, சத்தம் தானா வரும் அண்ணாத்த” என்றார்.

பாய் ஆர்மோனியக் கட்டைகளைப் பார்க்கமாட்டார். எங்கள் தோள்களையே பார்ப்பார். யாருடைய தோளாவது மூச்சுக்கு ஏறினால் அந்த வரியை அங்கேயே முடித்துவிடுவார். வீட்டில் செல்போனில் போட்டுப் பாடும் பாட்டு யாருக்காகவும் நிற்காது. மூன்று மாதத்தில் பஸ் நிலையம் வரை உட்காராமல் நடந்தேன். நோய் குறையவில்லை, பதற்றம் குறைந்தது.

என்னைப் பைக்கில் கொண்டுவந்து விடுபவன் தேவியின் தம்பி செல்வம். நான் விட்ட பட்டறையில் அப்போதும் வேலை செய்துகொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை மழைக்கு உள்ளே ஒதுங்கியவன், விளையாட்டாக எங்களோடு பாடினான். நீண்ட சுரம் ஒன்றில் அவன் குரல் எனக்கு முன்பே அறுந்தது.

பாயின் கை துருத்தியில் நின்றது. “சிகரெட்டா தம்பி?”

“தொட்டதே இல்ல பாய். சளிதான்.”

அதே சொல்லைத்தான் நானும் ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் என் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். “மூணு சிலை கைல கீது மாமா. முடிச்சிட்டுப் பாக்கலாம்” என்றான்.

“செங்கல்பட்டுக்குன்னா வண்டில ஏறுறேன். இல்லன்னா நடந்தே வூட்டுக்குப் போறேன்.”

நடக்கத் தொடங்கினேன். பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தவன், என் மூச்சிரைப்பைக் கொஞ்ச தூரம் கேட்டுவிட்டு, “திங்கக்கெழம போலாம், ஏறு” என்றான்.

அவன் எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் சிறு சிறு புள்ளிகள். சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றார் மருத்துவர். தூசியை விட்டு விலகினாலும் சிலருக்குத் தழும்பு வளரும் என்றும் சொன்னார். செல்வம் இப்போது ஆட்டோ ஓட்டுகிறான்.

கல்லறுக்கும் இடத்தில் இருமிக்கொண்டே இதைப் படிப்பவர்கள், சளி என்று சொல்லிக்கொள்ளாமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

சனிக்கிழமைகளில் நானும் செல்வமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்கிறோம். எனக்கு இப்போதெல்லாம் ராகம் காதில் விழுவதில்லை. யார் மூச்சு முதலில் முடிகிறது என்று மட்டுமே கேட்கிறேன். பெரும்பாலும் என்னுடையதுதான். போன வாரம் நான் எப்போதும் நிற்கும் இடத்திலேயே அவனுக்கும் முடிந்தது. செல்வம் என்னைப் பார்த்துச் சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.